114 மடங்கு என்ற பொய்க்கணக்கு

சினிமாவைப் பற்றிப் பேச்சு வரும் இடங்களிலெல்லாம் ஒரு வாய்ப்பாடு ஒப்பிக்கப்படுகிறது. செலவு 27,575 டாலர், வசூல் 31 லட்சம் டாலருக்கு மேல், ஆகவே லாபம் 114 மடங்கு. கெவின் ஸ்மித் எழுதி இயக்கி 1994-இல் வெளிவந்த 'கிளர்க்ஸ்' என்ற கறுப்பு வெள்ளை நகைச்சுவைப் படத்தின் கணக்கு இது. கூடவே துணைச் சாட்சிகளும் வரும். 'நெப்போலியன் டைனமைட்' 4 லட்சம் டாலரில் எடுக்கப்பட்டு 4 கோடியே 60 லட்சம் டாலர் வசூலித்தது. 'மை பிக் ஃபேட் கிரீக் வெட்டிங்' 50 லட்சத்தில் எடுக்கப்பட்டு 36 கோடியே 80 லட்சம் டாலரைத் தாண்டியது. இவற்றிலிருந்து எடுக்கும் முடிவும் தயாராக இருக்கிறது. நட்சத்திரம் வேண்டாம், செட் வேண்டாம், பெரிய பணம் வேண்டாம். நான்கு நண்பர்களும் ஒரு நல்ல கதையும் போதும். சினிமாவில் போட்ட காசு திரும்பி வர மிகப் பாதுகாப்பான வழி சின்ன பட்ஜெட் காமெடி. எடுத்தும் ஜெயிக்காதவரிடம் சரக்கு இல்லை.

இந்தப் பார்வையை நான் முழுமையாக மறுக்கிறேன். இதன் கணக்கு தவறு, கணக்கிலிருந்து எடுக்கும் பாடம் தவறு. அந்தப் பாடத்தை நம்பி இறங்குகிறவர்களுக்கு நேர்வது அநியாயம்.

முதலில் 27,575 டாலரைப் பார்ப்போம். அந்தத் தொகை பொய்யல்ல. நியூ ஜெர்சி மாநிலத்தின் லியோனார்டோ என்ற ஊரில் 'குயிக் ஸ்டாப்' என்ற மளிகைக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார் ஸ்மித். பகலில் அங்கே கல்லாவில் நிற்பார். கடை மூடியபின் அதே கடையில் படம்பிடிப்பார். 16 எம்.எம். படச்சுருளில் 21 நாட்களில் படப்பிடிப்பு முடிந்தது. பணத்துக்காகத் தன் காமிக்ஸ் சேகரிப்பை விற்றார். புயல் வெள்ளத்தில் போன காருக்குக் கிடைத்த இழப்பீட்டைப் போட்டார். வான்கூவர் திரைப்படப் பள்ளியிலிருந்து பாதியிலேயே விலகி, மீதிக் கட்டணத்தை மிச்சம் பிடித்தார். அதுவும் போதாமல் பல கடன் அட்டைகளை வரம்பு முட்டும்வரை தேய்த்தார். அன்றைய அமெரிக்கக் கடன் அட்டைகளுக்கு ஆண்டு வட்டி 15 சதவீதத்துக்கும் மேல். இத்தனையையும் செய்து படத்தை முடித்த அவருடைய துணிச்சலை நான் மதிக்கிறேன்.

ஆனால் அந்தத் தொகை எதன் விலை? படச்சுருள், அதைக் கழுவும் செலவு, கருவி வாடகை, படத்தொகுப்பு மேசை என்று கையிலிருந்து ரொக்கமாகப் போனவற்றின் விலை. கடைக்கு வாடகை கொடுக்கவில்லை, முதலாளி அனுமதித்தார். நடித்தவர்களில் பெரும்பாலோர் நண்பர்களும் ஊர்க்காரர்களும் வீட்டாரும். ஆள் போதாமல் ஒருவரே பல வேடங்களில் வந்துபோனார். இயக்குநரே எழுதினார், நடித்தார், தொகுத்தார், தயாரித்தார். அந்த உழைப்புக்குப் பட்ஜெட்டில் விலையே போடப்படவில்லை.

அதற்கு ஒரு விலை போட்டுப் பார்ப்போம். அன்று நியூ ஜெர்சியில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 5.05 டாலர். 15 பேர், 21 இரவு, இரவுக்கு 10 மணி நேரம் என்று ஓர் உத்தேசம் வைத்துக்கொள்வோம். 3,150 மணி நேரம். கூலி ஏறத்தாழ 15,900 டாலர். படத்தின் மொத்த ரொக்கச் செலவில் பாதிக்கும் மேல்! இது திரைப்படத் தொழிற்சங்கக் கூலி அல்ல, கல்லாவில் நிற்பவருக்குச் சட்டம் சொல்லும் அடிமட்டக் கூலி. எழுதிய மாதங்களும் தொகுத்த மாதங்களும் இதில் சேரவில்லை. நட்புக்காக உழைத்தது அவர்கள் விருப்பம்; அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த உழைப்பைச் சுழியம் என்று எழுதிவிட்டு, வகுத்து வந்த ஈவைத் 'திறமை' என்று கொண்டாடுவதை ஏற்க முடியாது. வகுக்கும் எண்ணைச் சுருக்கினால் ஈவு பெருகத்தான் செய்யும். அது எண்கணிதம், சினிமா மேதைமை அல்ல.

அடுத்து, திரையரங்குக்கு வந்த படம் 27,575 டாலரில் எடுத்த படமே அல்ல. மிராமேக்ஸ் என்ற விநியோக நிறுவனம் அதை 2,27,000 டாலருக்கு வாங்கியது. வாங்கிய பிறகுதான் திரையரங்குக்கு ஏற்ற ஒலிக்கலவையும் பெரிய திரைக்கான பிரதிகளும் வந்தன. பின்தயாரிப்பு எல்லாம் சேர்ந்தபோது படத்தின் செலவு 2,30,000 டாலரைத் தொட்டதாகச் சொல்லப்படுகிறது. அதாவது முதல் தொகையைப் போல எட்டு மடங்கு. படத்தில் ஒலிக்கும் ராக் பாடல்களுக்கு உரிமை வாங்கிய தொகை மட்டுமே, படத்தை எடுக்க ஆன செலவைவிட அதிகம். அமெரிக்கத் திரைப்படத் தரச்சான்று அமைப்பு வெறும் வசனங்களுக்காக மிகக் கடுமையான 'என்சி-17' சான்றிதழைக் கொடுத்தது. அந்தச் சான்றிதழோடு போனால் பல திரையரங்குகளும் பத்திரிகை விளம்பரங்களும் கைவிட்டுப் போகும். அதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய ஆலன் டெர்ஷோவிட்ஸ் என்ற புகழ்பெற்ற வழக்கறிஞரை அமர்த்தியது மிராமேக்ஸ். ஒரு நொடிகூட வெட்டாமல், அதைவிடத் தளர்வான 'ஆர்' சான்றிதழ் கிடைத்தது. கடன் அட்டையில் படம் எடுத்த இளைஞர் தனியாக நின்றிருந்தால் இது நடந்திருக்குமா? 1993-இல் டிஸ்னி வாங்கிய ஒரு நிறுவனத்தின் பலம் அது. வசூலை உண்டாக்கிய இந்தச் செலவுகளில் ஒன்றுகூட வாய்ப்பாட்டின் இடப்பக்கத்தில் இல்லை.

இனி வலப்பக்கம். 31 லட்சம் டாலர் என்பது டிக்கெட் விற்ற மொத்தத் தொகை. அதில் ஏறக்குறைய பாதி திரையரங்குகளோடு நின்றுவிடும் என்பது அமெரிக்கத் தொழிலின் பொது வழக்கம். மீதியிலிருந்து விநியோகக் கட்டணம் கழியும். பிரதி, விளம்பரச் செலவு கழியும். அதற்கப்புறம் மிஞ்சினால்தான் லாபம் என்ற பேச்சு. படத்தை மொத்தமாக விற்றுவிட்டவருக்கு அந்த லாபத்தில் எவ்வளவு என்பது ஒப்பந்தத்தின் சிறு எழுத்துகளைப் பொறுத்தது. தமிழ்நாட்டில் எம்.ஜி. என்ற குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை கொடுத்து ஒரு ஏரியாவை வாங்கியவரிடம் போய் "படம் இத்தனை கோடி கிராஸ்" என்று சொல்லிப் பாருங்கள். "ஷேர் எவ்வளவு?" என்றுதான் திருப்பிக் கேட்பார். கிராஸ் வேறு, வரி போன நெட் வேறு, தியேட்டர் பங்கு போக விநியோகஸ்தர் கைக்கு வரும் ஷேர் வேறு என்பது தொழிலில் இருக்கும் கடைசி ஆளுக்கும் தெரியும். கோயம்பேட்டுச் சில்லறைக் கடையில் தக்காளி விற்ற தொகையை விதை வாங்கிய காசால் வகுத்து, அதை உழவரின் லாபம் என்று எவராவது சொன்னால் சிரிப்போம். சினிமாவில் மட்டும் அதே கணக்கைச் சாதனைப் பட்டியலில் போட்டுப் பகிர்கிறோம்.

படம் எடுத்தவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் நியாயமான ஒப்பீடு 27,575-க்கும் 2,27,000-க்கும் இடையே. அது எட்டு மடங்கு. அதிலும் கடன், வட்டி, கொடுக்காமல் தள்ளிவைத்த ஊதியம் எல்லாம் அடைபட வேண்டும். விநியோகஸ்தரின் பக்கத்திலிருந்து பார்த்தால், வாங்கிய விலையோடு வெளியீட்டுச் செலவையும் சேர்த்து, கைக்கு வந்த பங்கோடு ஒப்பிட வேண்டும். 114 மடங்கு எவருடைய சட்டைப் பைக்கும் வரவில்லை. ஒருவருடைய செலவை இன்னொருவருடைய வரவுக்குக் கீழே எழுதி வகுத்ததால் பிறந்த எண் அது.

"சரி, 114 இல்லை என்றே இருக்கட்டும், எட்டு மடங்கு மட்டும் சிறியதா?" என்று கேட்பார்கள். எட்டு மடங்கு பெரிதுதான். ஆனால் அது எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். 1993-இல் நியூயார்க்கின் ஏஞ்சலிகா திரையரங்கில் சுயாதீனப் படச் சந்தையில் 'கிளர்க்ஸ்' முதலில் திரையிடப்பட்டபோது அரங்கம் ஏறத்தாழக் காலி. வந்திருந்த சிலரில் பாப் ஹாக் என்ற திரைப்பட ஆலோசகர் ஒருவர். அவருக்குப் படம் பிடித்துப்போய் மற்றவர்களிடம் எடுத்துச் சொன்னார். அந்த நூலைப் பிடித்துத்தான் 1994 ஜனவரியில் படம் சண்டான்ஸ் விழாவுக்குப் போனது, பரிசு பெற்றது, விற்றது. பின்பு கான் விழாவிலும் பரிசு வாங்கியது. படம் நல்ல படம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த ஓர் ஆள் அன்று வேறு அரங்குக்குள் நுழைந்திருந்தால், அதே நல்ல படம் கடன் அட்டை பாக்கியாக மட்டும் மிஞ்சியிருக்கக்கூடும். அப்படி மிஞ்சிய படங்களின் பட்டியலை யாரும் வெளியிடுவதில்லை. வென்றவர்களை மட்டும் எண்ணிச் சராசரி எடுத்தால் சூதாட்டமும் பாதுகாப்பான முதலீடாகத்தான் தெரியும்.

விழாவில் விலை போனாலும் அபாயம் தீர்வதில்லை, அது கைமாறுகிறது. 2008-இல் சண்டான்ஸில் பலத்த போட்டிக்கு நடுவே 'ஹேம்லெட் 2' என்ற நகைச்சுவைப் படத்தை ஃபோகஸ் ஃபீச்சர்ஸ் ஒரு கோடி டாலர் கொடுத்து வாங்கியது. திரையரங்கில் அதன் மொத்த வசூல் 50 லட்சம் டாலரைக்கூட எட்டவில்லை. விழா அரங்கில் விழுந்து விழுந்து சிரித்தவர்கள் சினிமாவைத் தொழிலாகவும் தவமாகவும் கொண்டவர்கள். வெள்ளிக்கிழமை டிக்கெட் எடுப்பவர் வேறு ஆள்.

நகைச்சுவைக்கே உரிய இன்னொரு இடரும் உண்டு. அடிதடியும் பேயும் கடல் தாண்டும். சிரிப்பு எளிதில் தாண்டாது. 'நெப்போலியன் டைனமைட்' படத்தின் 4 கோடியே 60 லட்சத்தில் ஏறக்குறைய 4 கோடியே 45 லட்சம் அமெரிக்காவிலும் கனடாவிலும் வந்தது. மற்ற நாடுகள் எல்லாம் சேர்ந்து கொடுத்தது கொசுறு. ஐடஹோ மாநிலத்தின் சிற்றூர்ப் பள்ளியில் ஒரு மந்தமான பையனின் அன்றாடம்தான் அந்தப் படம். அதன் உயிரே அந்த ஊரின் பேச்சும் நடையும்தான். அதனாலேயே அது உள்ளூரில் வென்றது, வெளியூரில் நின்றது. வெளிநாட்டு உரிமையை முன்கூட்டி விற்றுப் பணம் திரட்டும் வழி, முகம் தெரியாத நடிகர்களை வைத்து எடுக்கும் காமெடிக்கு அனேகமாக அடைபட்ட வழி. இதைப் பாதுகாப்பான முதலீடு என்று எப்படிச் சொல்வது?

அந்தப் படத்தின் நாயகன் ஜான் ஹீடர் தொடக்கத்தில் பெற்ற சம்பளம் 1,000 டாலர் என்பது பலமுறை வெளிவந்த செய்தி. படம் வென்றபின் பேசிக் கூடுதலாகப் பெற்றார். பேசுவதற்கு அவருக்கு ஒரு முகம் இருந்தது, அது போஸ்டரில் இருந்தது. விளக்குப் பிடித்தவருக்கும் ஒலி வாங்கியவருக்கும் அந்த முகம் கிடையாது. தயாரிப்பாளர்களின் நிலையும் நிம்மதியானதாக இல்லை. படம் அள்ளிக் குவித்தது திரையரங்கில் மட்டுமல்ல, டிவிடி விற்பனையிலும்தான். அந்த வருமானத்தில் தங்களுக்குச் சேர வேண்டிய பங்கு குறைத்துக் கொடுக்கப்பட்டது என்று தயாரிப்புத் தரப்பு 2011-இல் படத்தை வெளியிட்ட ஃபாக்ஸ் சர்ச்லைட் மீது வழக்குப் போட்டது. 2012-இல் தீர்ப்பு பெரும்பாலும் ஃபாக்ஸ் பக்கம் வந்தது. சின்னப் படம் பெரும் வெற்றி பெற்றால் எல்லோரும் வாழ்ந்துவிடுவார்கள் என்பவர்கள் இந்த வழக்கைப் படிக்க வேண்டும். விழாவின் அவசரத்தில் கையெழுத்தாகும் ஒப்பந்தத்தின் ஒரு வரி, பின்னால் வரும் கோடிகள் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதை அன்றே முடிவு செய்துவிடுகிறது.

உச்சமான சான்று 'மை பிக் ஃபேட் கிரீக் வெட்டிங்'. நியா வர்தலோஸ் தன் குடும்பத்தை வைத்து எழுதிய ஒரு நபர் மேடை நாடகத்தை ரீட்டா வில்சன் பார்த்தார். அவரும் அவருடைய கணவர் டாம் ஹாங்ஸும் அதைப் படமாக்க முன்வந்தார்கள். 2002 ஏப்ரலில் நூற்றுச் சொச்சம் திரைகளில் மட்டும் வெளியான படம் வாய்மொழியாகப் பரவி மாதக்கணக்கில் ஓடியது. ஒரு வாரக் கடைசியில்கூட வசூலில் முதலிடம் பிடிக்காமலே அமெரிக்காவிலும் கனடாவிலும் 24 கோடி டாலரைக் கடந்தது. வாய்ப்பாட்டின்படி 73 மடங்கு லாபம். ஆனால் 2007-இல் நடிகர்களும் ஹாங்ஸின் பிளேடோன் நிறுவனமும் தங்கள் லாபப் பங்கைக் கேட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். தயாரிப்பு நிறுவனமான கோல்ட் சர்க்கிளின் கணக்குப் புத்தகத்தின்படி அந்தப் படம் சுமார் 2 கோடி டாலர் நட்டம்! 50 லட்சத்தில் எடுத்து 36 கோடிக்கு மேல் வசூலித்த படத்தில், பங்கு கேட்டால் பங்கிட ஒன்றுமில்லை. ஹாங்ஸ் போன்ற ஒரு மனிதரின் நிறுவனமே வழக்குப் போட வேண்டியிருந்தது என்றால், பெயரில்லாத புதுமுகங்களின் கதி என்ன?

இது ஒரு நிறுவனத்தின் தனிக் குறை அல்ல, தொழிலின் பழைய வழக்கம். எடி மர்ஃபி நடித்த 'கமிங் டு அமெரிக்கா' 1988-இல் உலகெங்கும் கொட்டி வசூலித்தது. கதைக்கு உரிமை கோரிய எழுத்தாளர் ஆர்ட் புச்வால்டிடம், நிகர லாபம் என்று ஒன்று வரவேயில்லை என்றது படத்தைத் தயாரித்த பாரமவுண்ட் நிறுவனம். அந்த நிகர லாபச் சூத்திரம் மனச்சாட்சிக்கு ஒவ்வாதது என்று 1990-இல் கலிஃபோர்னிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகும் சூத்திரம் சாகவில்லை. ஊதியத்தைக் குறைத்துக்கொண்டு "லாபத்தில் பங்கு" என்ற வாக்குறுதியை நம்பி வேலை செய்யும் ஒவ்வொருவரும், வராத பணத்துக்காகக் கைக்கு வரும் பணத்தைக் கைவிடுகிறார்கள்.

எதிர்த்தரப்பின் கையில் இன்னும் ஒரு நல்ல ஆயுதம் இருக்கிறது. கெவின் ஸ்மித்தின் வாழ்க்கையே அது. இரண்டாவது படமான 'மால்ராட்ஸ்' 1995-இல் சுமார் 60 லட்சம் டாலரில் வந்து, 21 லட்சம் டாலர் அளவிலேயே நின்றது. மூன்றாவது படமான 'சேஸிங் ஏமி' 1997-இல் 2,50,000 டாலரில் வந்து ஒரு கோடியே 20 லட்சம் வசூலித்தது. பணம் கூடினால் தோல்வி, குறைந்தால் வெற்றி என்பது இதிலிருந்தே விளங்கவில்லையா என்பார்கள்.

விளங்கவில்லை. 'சேஸிங் ஏமி'யைப் பெரிய நடிகர்களை வைத்து எடுத்தால் 30 லட்சம் டாலர் தருகிறோம் என்றது மிராமேக்ஸ். பென் அஃப்லெக், ஜோயி லாரன் ஆடம்ஸ், ஜேசன் லீ என்று தான் எழுதும்போதே மனத்தில் வைத்திருந்தவர்களையே வைத்து எடுக்க ஸ்மித் சிறிய தொகையைத் தேர்ந்துகொண்டார். அங்கே சிறிய பட்ஜெட் வாங்கிக் கொடுத்தது நடிகர் தேர்வின் உரிமையை. அதை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். சிறிய பணத்தின் உண்மையான பயன் சுதந்திரம். லாப விகிதம் அதற்குச் சான்றாகாது. 'மால்ராட்ஸ்' விஷயத்தில் வாய்ப்பாடு வேறு பக்கம் தவறுகிறது. திரையரங்கில் விழுந்த அந்தப் படம் வீட்டு வீடியோவில் தனக்கென ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டது. 'கிளர்க்ஸ்' படத்துக்கும் அப்படித்தான். கார்ட்டூன் தொடரும் இரண்டாம் மூன்றாம் பாகங்களும் அதிலிருந்து பிறந்தன. 2019-இல் அந்தப் படம் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம் பெற்றது. திரையரங்கு வசூல் இந்த வாழ்வில் எதையும் காட்டாது. செலவையும் முழுதாகச் சொல்லாத, வருமானத்தையும் முழுதாகச் சொல்லாத ஒரு விகிதத்தை வைத்துக்கொண்டு படத்தை அளப்பது எப்படிச் சரியாகும்?

இந்த வாய்ப்பாடு வெறும் பிழையாக இருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. இதற்கு விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். "அவர் 27,000-த்தில் எடுத்தார், உனக்கு எதற்கு இவ்வளவு?" என்று முதலீட்டாளர் புது இயக்குநரை மடக்குவது இந்த எண்ணை வைத்துத்தான். "இது சின்னப் படம், எல்லோரும் சேர்ந்து செய்வோம்" என்று இயக்குநர் உதவியாளர்களின் பேட்டாவில் கைவைப்பதும் இதை வைத்துத்தான். இலவசமாக உழைக்க எல்லோராலும் முடியாது. பெற்றோர் வீட்டில் சோறும் படுக்கையும் இருப்பவர் ஒரு மாதம் சம்பளமில்லாமல் தாங்குவார். வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டியவர் தாங்கமாட்டார். ஆகவே சம்பளமில்லாப் படப்பிடிப்பு என்பது, யார் சினிமாவுக்குள் வரலாம் என்பதைக் காசு பார்த்து வடிகட்டும் கதவு. நகைச்சுவைக்கு இதைவிடப் பெரிய கேடு இல்லை. ஏழை வீட்டின் கேலியும் கூலிக்காரரின் குத்தலும் இல்லாமல் போனால் திரையில் மிஞ்சுவது வசதியானவர்களின் சிரிப்பு மட்டுமே.

இனி யாராவது இந்த 114 மடங்கைச் சொன்னால் நான்கு கேள்விகள் கேளுங்கள். அந்தச் செலவுத் தொகை எந்தக் கட்டம் வரைக்குமானது? அதில் யாருக்கெல்லாம் கூலி கொடுக்கப்படவில்லை? வசூலில் எவ்வளவு, யாருடைய கைக்குப் போனது? இதே தொகையில் எடுத்து விற்காமல் போனவை எத்தனை? நான்குக்கும் பதில் இல்லாத இடத்தில் மடங்கு பேசுவது விளம்பரம்.

சின்னக் காமெடிப் படம் எடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எடுக்க வேண்டும், நிறைய எடுக்க வேண்டும். ஆனால் கூலியை முதல் வரியில் எழுதி எடுக்க வேண்டும். குறைத்துக் கொடுக்க நேர்ந்தால், பாக்கியைத் தொகையாகவும் தேதியாகவும் ஒப்பந்தத்தில் போட வேண்டும். பங்கு தருவதாக இருந்தால் தொடக்கூட முடியாத நிகர லாபத்தில் தராமல், விநியோகஸ்தரிடமிருந்து வரும் முதல் ரூபாயிலிருந்தே தர வேண்டும். முதல் பிரதியோடு செலவு முடிந்தது என்று நினைக்காமல், வெளியீட்டுக்கு வேண்டிய பணத்தையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும். டிஜிட்டல் உரிமையின் ஒவ்வொரு வரியையும் கையெழுத்துக்கு முன்பே வழக்கறிஞரிடம் காட்ட வேண்டும். அப்படிக் கணக்குப் போட்டால் பட்ஜெட் கூடும், மடங்கு குறையும். குறையட்டும். உழைத்த அத்தனை பேருக்கும் கூலி கொடுத்து, போட்டதற்கு மேல் கொஞ்சம் மிஞ்சிய படம்தான் வெற்றிப் படம். அதன் இயக்குநர் அடுத்த படத்துக்கும் அதே ஆட்களை நிமிர்ந்த முகத்தோடு கூப்பிடலாம்.